பெரிய லிங்க் வாங்காதே

அன்புள்ள ரகு,

பதில் போட இத்தனை நாள் ஆனதற்குத் திட்டுவாய், திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். முரளி மீட்டிங்கில் தூங்குவதை இன்னும் விடவில்லை. இப்போது அவசரமாக எழுதக் காரணம், நீ கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்த வரி: கப்பல் சர்வர்களில் ஆன்சிபிள் (பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கிற கருவி) ஓடி முடிய விடிந்துவிடுகிறது, அதனால் செயற்கைக்கோள் லிங்க்கின் பேண்ட்வித்தை, அதாவது அகலத்தை, இரண்டு மடங்காக்கக் கேட்டிருக்கிறாய் என்று.

அந்தக் கோரிக்கையை முதலில் வாபஸ் வாங்கு.

உன் லிங்க் போவது புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக. அது நிற்பது 35,786 கிலோமீட்டர் உயரத்தில். கேள்வி ஏறி இறங்கி, பதில் மறுபடி ஏறி இறங்க, ஒளியின் வேகத்திலேயே கிட்டத்தட்ட அரை நொடி ஆகிறது. நடுவிலுள்ள கருவிகளையும் சேர்த்தால் 600 மில்லிநொடி சாதாரணம். நீ எவ்வளவு காசு கொட்டினாலும் இது குறையாது. உன் பிரச்சினை அகலம் இல்லையடா, போய்வருகிற நடை.

சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு டாஸ்க்கை, அதாவது ஒரு வேலைப் படியை, மூன்று 'வி' (-vvv, நடப்பதை விவரமாகக் காட்டச் சொல்கிற குறி) போட்டு ஓட்டிப் பார். ஒரு கோப்பில் ஒரு வரி மாற்றுகிற டாஸ்க் போதும். முதலில் அந்தப் பக்கம் தற்காலிக டைரக்டரி உருவாக்கும். அப்புறம் மாட்யூலை (வேலையைச் செய்கிற சிறு நிரல்) எஸ்எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறையில் அனுப்பும். அதற்கு இயக்க அனுமதி கொடுக்கும். ஓட்டும். கடைசியில் டைரக்டரியை அழிக்கும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு முறை வானத்துக்குப் போய்வர வேண்டும். எஸ்எஃப்டிபி மட்டுமே பல முறை போகும். ஒரு குடம் தண்ணீருக்கு ஆறு தடவை கிணற்றுக்கு நடக்கிற கதை.

ஆன்சிபிளில் 'பைப்லைனிங்' என்ற அமைப்பை ஆன் செய்தால் இந்த நடை பெரும்பாலும் ஒன்றாகிவிடும். மாட்யூல் நேராக அந்தப் பக்கப் பைத்தானின் உள்ளீட்டுக்கே போய்விடுகிறது. இவ்வளவு நல்ல விஷயம் ஏன் இயல்பாகவே ஆஃபில் இருக்கிறது என்று கேட்பாய். சுடோயர்ஸில் (நிர்வாகி அனுமதி யாருக்கு என்று சொல்லும் கோப்பு) 'ரிகொயர்டிடிஒய்' (டெர்மினல் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி) இருந்தால் இது வேலை செய்யாது. பழைய லினக்ஸ்களில் அது இருக்கும், அதை எடுத்துவிடு. காப்பி, டெம்ப்ளேட் போன்ற மாட்யூல்கள் கோப்பை அனுப்பித்தான் ஆக வேண்டும், அங்கே முழுப் பலன் கிடைக்காது.

அடுத்தது, யாருமே பார்க்காத இடம். ஆன்சிபிள் சர்வருடன் பேசுகிற எஸ்எஸ்ஹெச் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும், ஆனால் இயல்பில் 60 நொடிதான். ஒரே நேரத்தில் எத்தனை சர்வரைக் கவனிக்கலாம் என்கிற ஃபோர்க்ஸ் இயல்பில் 5. உன் 40 கப்பல்களுக்கு ஒரு டாஸ்க் முடிய எட்டுச் சுற்று. முதல் கப்பலுக்கு மறுபடி முறை வர 60 நொடியைத் தாண்டினால் அந்த இணைப்பு செத்திருக்கும். சாவி பரிமாற்றம், பயனர் சரிபார்ப்பு எல்லாம் முதலிலிருந்து. இணைப்பு திறந்திருக்கும் நேரமான கண்ட்ரோல்பெர்சிஸ்ட்டை அரை மணி நேரமாக்கு, ஃபோர்க்ஸை 40 ஆக்கு. ஒரு மெதுவான கப்பலுக்காக மற்றவை காத்திருப்பது எரிச்சலாக இருந்தால் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஓடுகிற 'ஃப்ரீ' ஸ்ட்ராட்டஜி இருக்கிறது.

பிளேபுக்கை, அதாவது டாஸ்க் பட்டியலை, எழுதியது யார்? முரளி சாயல் அடிக்கிறது. பேக்கேஜ்களை லூப்பில் ஒவ்வொன்றாகப் போடாதே, மொத்தப் பட்டியலையும் ஒரே டாஸ்க்கில் கொடு. முழு டைரக்டரியைக் காப்பி மாட்யூலில் அனுப்பினால் கோப்புக்குக் கோப்பு தனி நடை, மாறியதை மட்டும் அனுப்புகிற சிங்க்ரனைஸ் போடு. ஃபேக்ட்ஸ் (சர்வரைப் பற்றிய விவரங்கள்) வேண்டாத இடத்தில் திரட்டாதே, வேண்டுமென்றால் கேஷில் வை. ஆன்சிபிளை வேகமாக்குகிற மைட்டோஜன் என்ற கூடுதல் நிரல் பற்றிக் கேட்டிருந்தாய். வேகம்தான், ஆனால் ஆன்சிபிளின் வயிற்றுக்குள் கை விடுகிற சரக்கு. ஆன்சிபிள் பதிப்பு மாறும்போதெல்லாம் அது ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை.

இதெல்லாம் கிண்டலாக எழுதிவிட்டேன். ஆனால் உன் டீமில் அந்தப் பையன் ராத்திரி முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றாயே, அது சரியில்லை, ரகு. தூங்காதவன் அதிகாலையில், ஃபயர்வால் டாஸ்க் பாதியில் நிற்கும்போது, கையால் எதையாவது தட்டுவான். அந்தக் கப்பலில் சர்வர் பக்கம் போய்ப் பார்க்க ஆள் கிடையாது. நீண்ட அப்டேட்களை அசிங்க்காக (பின்னணியில் ஓடும்படி) போட்டு, முடியும்வரை காத்திருக்காதபடி போல் 0 வைத்து, நிலையைப் பிறகு கேட்டுக்கொள். லிங்க் அறுந்தாலும் வேலை அங்கே ஓடும். பையனை வீட்டுக்கு அனுப்பு.

நிரந்தர வழி என்று கேட்டால் நான் ஆன்சிபிள்-புல் கட்சி. சர்வரே கிட் (Git) என்ற கோப்புக் களஞ்சியத்திலிருந்து மாற்றத்தை மட்டும் இழுத்து, தன்னிடத்திலேயே ஓட்டிக்கொள்ளும்; டாஸ்க்குக்கு டாஸ்க் வானம் ஏற வேண்டாம். "ஓடியதா இல்லையா என்று எப்படித் தெரியும்?" என்று முரளி சண்டைக்கு வருவான். நியாயமான கேள்விதான், ஒவ்வொரு ரன்னும் முடிந்ததும் அறிக்கை அனுப்ப ஏற்பாடு செய்தாக வேண்டும். பழைய முறையில் மட்டும் என்ன தெரிந்ததாம்? பாதிக் கப்பல் 'அன்ரீச்சபிள்' என்றுதானே வந்தது.

எதையும் மாற்றுவதற்கு முன் 'ப்ரொஃபைல் டாஸ்க்ஸ்' கால்பேக்கைப் போட்டு ஒரு ரன் எடுத்து அனுப்பு. எந்த டாஸ்க் நேரத்தைத் தின்கிறது என்று அதுவே சொல்லிவிடும். உன் மேலதிகாரி புது லிங்க்குக்குக் கையெழுத்துப் போடுவதற்குள் அனுப்பினால் நல்லது.

அன்புடன்,
கண்ணன்