மயக்க ஊசிக்கு முன்னால்

உயிரியல் பூங்கா இயக்குநர்களுக்கும் வனத்துறை உயர் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

பூங்கா விலங்குகளுக்கும் காட்டு விலங்குகளுக்கும் மருத்துவம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான்: எங்களைக் கடைசி ஆளாகக் கூப்பிடாதீர்கள். விலங்கு தீனி எடுக்காமல் நாள் கணக்கில் கிடந்த பிறகு, எழுந்து நிற்க முடியாமல் படுத்த பிறகு, குடியிருப்புக்குள் வந்த சிறுத்தையைக் கூட்டம் சூழ்ந்துகொண்ட பிறகுதான் எங்களுக்கு அழைப்பு வருகிறது. அந்த நேரத்தில் எங்கள் கையில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் மயக்க ஊசி ஒன்றுதான். அதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய வேலைகள் எத்தனையோ உண்டு. அவற்றை மருத்துவம் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் அவற்றுக்கு ஆளும் கிடைப்பதில்லை, நேரமும் கிடைப்பதில்லை, பணமும் கிடைப்பதில்லை.

காட்டுயிர் தன் நோவை மறைக்கும். தளர்ந்ததாகக் காட்டிக்கொண்டால் இரைதேடி வரும் மிருகம் அதைத்தான் முதலில் குறிவைக்கும். சொந்தக் கூட்டத்திலேயே அதன் இடத்தை இன்னொன்று பிடித்துக்கொள்ளும். கூண்டிலேயே பிறந்து வளர்ந்தாலும் இந்தச் சுபாவம் போவதில்லை. ஒரு பறவை இறகைச் சிலிர்த்தபடி கூண்டின் தரையில் வந்து உட்கார்ந்துவிட்டது என்றால், மறைத்து வைக்கும் தெம்புகூட அதற்குத் தீர்ந்துபோய்விட்டது என்று பொருள். பதிவேட்டில் "திடீர் மரணம்" என்று எழுதி மூடுகிறோமே, அவற்றில் பல, நம் கண்ணில் படாமல் வெகுநாள் இருந்த நோயின் கடைசி நாள்.

அந்த நோயை முதலில் பார்க்கக்கூடியவர் கீப்பர். தினமும் தீனி வைத்து, கூண்டு கழுவி, கதவு திறந்து விடுகிறவர். "சார், இன்னிக்கு அது வழக்கமா வர்ற மாதிரி வரலை" என்று ஒரு கீப்பர் சொன்னால், எந்த ஸ்கேனும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது. புலி கறியை எடுத்துக்கொண்டது, ஆனால் ஒரு பக்கமாகவே மென்றது என்றால் மறுபக்கக் கடைவாயில் சீழ் பிடித்திருக்கலாம். மான் கூட்டத்தோடு மேய்கிறது, ஆனால் படுத்து எழும்போது ஒரு நொடி தாமதிக்கிறது என்றால் குளம்பைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் பழகிய கண்ணுக்கு மட்டும் தெரியும். நீங்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை கீப்பர்களை வேறு பிரிவுக்கு மாற்றும்போது அந்தக் கண்ணையும் சேர்த்துத்தான் எடுத்துவிடுகிறீர்கள். தினக்குறிப்பில் "தின்றது, நலம்" என்று எழுதுவதற்கு மட்டும் இடம் விட்டிருந்தால், கீப்பர் பார்த்தது அவரோடேயே போய்விடும்.

அடுத்தது எடை. கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் தன் விலங்குகளின் எடையை மாதம் ஒருமுறையாவது பார்க்கும் பூங்காவில் நோய் சீக்கிரம் பிடிபடுகிறது. தசை கரைவது ரோமத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். எடை தெரியாமல் கொடுக்கும் மருந்து வெறும் ஊகம். எடை தெரிந்தாலும் அதோடு கணக்கு முடிந்துவிடாது. 1962ல் ஓக்லஹோமா நகரத்து உயிரியல் பூங்காவில் டஸ்கோ என்ற ஆண் யானைக்கு ஆய்வுக்காக 297 மில்லிகிராம் எல்.எஸ்.டி. என்ற போதைமருந்தைச் செலுத்தினார்கள். சிறிய விலங்குகளுக்குக் கொடுத்த அளவை எடைக்கு எடை பெருக்கிப் போட்ட கணக்கு அது. யானை சில நிமிடங்களில் சாய்ந்தது, பிறகு செத்தது. உடம்பு பெரிதாகப் பெரிதாக, ஒரு கிலோவுக்கு அது எரிக்கும் சக்தி குறைகிறது. மருந்து உடம்பில் தங்கும் நேரமும் மாறுகிறது. நாங்கள் கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை மனிதருக்கோ மாட்டுக்கோ நாய்க்கோ என்று தயாரானவை. ஒட்டகச்சிவிங்கிக்கும் எறும்புதின்னிக்கும் அளவு எழுதிய பாட்டில் எந்தக் கடையிலும் கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு விலங்குக்கும் அதன் நலமான காலத்து எடையும் ரத்தக் கணக்கும் எங்கள் கையில் இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

மயக்கம் கொடுக்காமல் புலியிடம் ரத்தம் எடுப்பது எப்படி என்று கேட்பீர்கள். எடுக்கலாம். இரவுக் கூண்டின் கம்பிச் சுவரையொட்டிப் புலி நீட்டிப் படுக்கிறது. முன்பக்கம் ஒரு கீப்பர் இடுக்கியால் கறித்துண்டுகளை ஒவ்வொன்றாக நீட்டுகிறார். பின்பக்கம் கம்பிக்கு அடியில் உள்ள சிறு திறப்பு வழியாக இன்னொருவர் வாலை மெதுவாக வெளியே எடுத்துப் பிடிக்கிறார். வாலின் பக்கவாட்டில் ஓடும் ரத்த நாளத்தை மருத்துவர் விரலால் தேடி, ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிய ஊசியைச் செருகுகிறார். புலி காதை ஒருமுறை திருப்பும். அடுத்த துண்டு வந்ததும் பழையபடி கறியில் கவனமாகிவிடும். எழுந்து போக விரும்பினால் போகலாம். யாரும் வாலை இழுத்துப் பிடிக்கக் கூடாது. இது படிவதற்கு வாரங்கள் ஆகும், சில விலங்குக்கு மாதங்கள் ஆகும். முதலில் கம்பியருகே வரப் பழக்கம், பிறகு படுக்க, பிறகு வாலைத் தொட, பிறகு ஈரப்பஞ்சு, பிறகு முனை மழுங்கிய ஒரு குச்சி, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் ஊசி. அவசரப்பட்டு ஒருநாள் ஏமாற்றிக் குத்திவிட்டால் அத்தனையும் பாழ்.

1990களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் சான் டியேகோ பூங்காவில் நீரிழிவு வந்த ஒரு டிரில் குரங்கு, தானாகக் கையை நீட்டி ரத்தம் கொடுக்கவும் இன்சுலின் போட்டுக்கொள்ளவும் பழகியது. இன்று பல பூங்காக்களில் கொரில்லா கம்பியருகே வந்து மார்பைக் காட்ட, விழித்திருக்கும்போதே இதயத்தை எக்கோ ஸ்கேன் பார்க்கிறார்கள். பூங்காக்களில் வாழும் ஆண் கொரில்லாக்களை இதய நோய்தான் அதிகம் கொல்கிறது என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

யானைக் கன்றுகளைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். யானை ஹெர்பீஸ் வைரஸ் ஆசிய யானைக் கன்றுகளைக் குறிவைக்கிறது. 1995ல் வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் இறந்த குமாரி என்ற கன்றின் உடலை ஆராய்ந்ததிலிருந்துதான் இந்த நோய் தெளிவாகப் பிடிபட்டது; 1999ல் அது ஆய்விதழில் வெளியானது. காலையில் கொஞ்சம் சோர்வு, நாக்கில் நீலம், முகத்தில் வீக்கம். ஓரிரு நாளில் ரத்தக் குழாய்கள் உள்ளுக்குள் கசிந்து கன்று போய்விடும். ஆனால் அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பே வைரஸ் ரத்தத்தில் பெருகத் தொடங்கியிருக்கும். வாரந்தோறும் காதிலிருந்து ரத்தம் கொடுக்கப் பழகிய கன்றுக்கு அந்தச் சில நாட்கள் கிடைக்கின்றன. வைரஸ் எதிர்ப்பு மருந்தும், வேறு யானையிடமிருந்து எடுத்த பிளாஸ்மாவும், திரவமும் ஏற்றிக் காப்பாற்றப்பட்ட கன்றுகள் உண்டு. 2024ல் ஹூஸ்டன் பூங்காவில் இந்த வைரஸுக்கான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியை முதன்முதலாக ஒரு யானைக்குப் போட்டார்கள். தடுப்பூசி எல்லா இடத்துக்கும் வரும்வரை கன்றுக்கு இருக்கும் ஒரே காவல் அந்த வாராந்திர ரத்தப் பரிசோதனைதான். கீப்பரின் ஒரு மணி நேரத்தை அட்டவணையிலிருந்து வெட்டும்போது நீங்கள் அதைத்தான் வெட்டுகிறீர்கள் என்பதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

இனி மயக்க ஊசிக்கே வருகிறேன். படத்தில் காட்டுவதுபோல் ஊசி பட்டதும் எந்த விலங்கும் சரிவதில்லை. மருந்து பிடிக்கப் பொதுவாக ஐந்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும், பயந்து ஓடும் விலங்குக்கு இன்னும் கூடும். அதற்குள் அது பள்ளத்தில் விழலாம், நீரில் இறங்கி மூழ்கலாம், ஆள்மேல் பாயலாம். விழுந்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. யானையின் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியிருப்பது. மார்பை ஊன்றிக் குப்புறப் படுத்துவிட்டால் உள்ளுறுப்புகள் அழுத்தி மூச்சு முட்டும், உடனே பக்கவாட்டில் புரட்ட வேண்டும். ஒட்டகச்சிவிங்கியின் தலையையும் கழுத்தையும் உயர்த்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். தவறினால் இரைப்பையில் உள்ளது ஏறி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

இவற்றைவிட என்னை அலைக்கழிப்பது விரட்டலால் வரும் தசைச் சிதைவு. மான், வரிக்குதிரை, நாரை, பூநாரை இவற்றையெல்லாம் துரத்திப் பிடிக்கும்போது தசைகள் சூடேறி அமிலம் நிறைந்து உடையத் தொடங்கும். உடைந்த தசையின் நிறமி ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். அன்றைக்கு மயக்கம் தெளிந்து எழுந்து நடந்துபோகும், எல்லோரும் கைதட்டுவார்கள், செய்தியும் வந்துவிடும். சில நாள் கழித்து, ஏன், சில வாரம் கழித்தும் அது எங்கோ ஒரு புதரில் செத்துக் கிடக்கும். வண்டியில் ஏற்றிய கணத்தோடு மீட்பு முடிந்துவிட்டது என்று கணக்கெழுதுவதால் இந்தச் சாவுகள் யார் ஏட்டிலும் ஏறுவதில்லை.

ஆகவே வனத்துறை உயர் அலுவலர்களிடம் நேராகக் கேட்கிறேன். மயக்க ஊசி போடலாமா, வேண்டாமா என்ற முடிவை மருத்துவரிடம் விடுங்கள். உச்சி வெயிலில், ஆயிரம் பேர் கூச்சலிடும் இடத்தில், காமிராக்களுக்கு நடுவில், "சீக்கிரம் சுடுங்கள்" என்று தொலைபேசியில் வரும் உத்தரவுக்காக விசையை அழுத்தச் சொல்லாதீர்கள். பல நேரம் செய்ய வேண்டியது கூட்டத்தைக் கலைத்துவிட்டு, இருட்டும்வரை காத்திருந்து, அது வந்த வழியைத் திறந்து விடுவதுதான். "இப்போது போடக் கூடாது" என்று சொன்ன மருத்துவரைக் கோழை என்றும் ஒத்துழைக்காதவர் என்றும் குறிப்பெழுதும் வழக்கம் ஒழிய வேண்டும். எங்கள் உயிரையும் கொஞ்சம் பாருங்கள். பெரிய தாவர உண்ணிகளுக்குப் போடும் எட்டோர்ஃபின் என்ற மயக்க மருந்து, மார்பினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியம் கொண்டது. ஒரு துளி தவறி நம் உடம்பில் ஏறினால் மூச்சு நின்றுவிடும். மாற்று மருந்தும், அதைப் போடத் தெரிந்த இன்னொருவரும் பக்கத்தில் இல்லாமல் அந்தக் குப்பியைத் திறக்கச் சொல்வது குற்றம்.

காட்டில் மருத்துவம் என்றால் ஊசியோடு காட்டுக்குள் போவது மட்டும்தான் என்றில்லை. 1994ல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் நாய் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயில் ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்கள் மாண்டன. அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு. வைரஸ் வந்தது சுற்றுவட்டாரக் கிராமத்து நாய்களிடமிருந்து. அதற்கு மருந்து, அந்த நாய்களுக்குத் தடுப்பூசி. முன்னதாக வந்த வறட்சியில் மெலிந்த எருமைகள் உண்ணிகளைச் சுமந்தன, அவற்றைத் தின்ற சிங்கங்களுக்கு உண்ணிக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. மழையும் மேய்ச்சலும் உண்ணியும் கால்நடையும் காட்டுயிரும் இப்படிப் பின்னிக் கிடக்கும்போது, மருத்துவரைத் தலைமையகத்தின் ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டு மேலாண்மைத் திட்டம் எழுதுவது எப்படிச் சரியாகும்? திட்டம் எழுதும் மேசையில் எங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

இறந்த விலங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதைத்துவிட்டு ஒரு வரி எழுதுவது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. 1999ல் நியூயார்க்கில் மனிதருக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது அதை செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று அறிவித்தார்கள். அதே நேரத்தில் பிராங்ஸ் உயிரியல் பூங்காவைச் சுற்றிக் காகங்கள் விழுந்துகொண்டிருந்தன. உள்ளே பூநாரைகளும் செத்தன. அங்கே நோய்க்கூறியல் பிரிவை நடத்திய டிரேசி மெக்நமாரா ஒவ்வொரு உடலையும் அறுத்துப் பார்த்தார். செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளைக் கொல்வதில்லை. குதிரை மூளைக்காய்ச்சலாக இருந்தால் பூங்காவின் ஈமுக்கள் முதலில் செத்திருக்கும், அவையோ நன்றாக இருந்தன. வேறு ஏதோ வந்திருக்கிறது என்று அவர் விடாமல் சொன்னார். முதலில் அவர் பேச்சு எடுபடவில்லை. கடைசியில் மனிதரையும் பறவைகளையும் தாக்கியது வெஸ்ட் நைல் வைரஸ் என்று தெரிந்தது. தெற்காசியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததற்குக் காரணம் தெரிந்ததும் இப்படித்தான். செத்த கழுகுகளின் உள்ளுறுப்புகளில் வெண்சுண்ணாம்பு போல் யூரிக் அமிலம் படிந்திருந்ததைப் பார்த்து, சிறுநீரகம் செயலிழந்ததைக் கண்டு, அவை தின்ற செத்த மாட்டுக்குப் போட்டிருந்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துவரை தேடிப் போனார்கள். 2004ல் அது வெளியானது. 2006ல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைக்கு அதைப் பயன்படுத்துவதைத் தடுத்தன. அறுத்துப் பார்க்காமல் புதைத்திருந்தால் இன்னும் தேடிக்கொண்டிருப்போம்.

எலி செத்தாலும் சரி, யானை செத்தாலும் சரி, பூங்காவில் ஒவ்வொரு சாவுக்கும் முழு உடற்கூறாய்வும் திசு மாதிரி சேமிப்பும் நடக்க வேண்டும். முடிவு எதுவானாலும் அதை மறைக்காமல் மற்றப் பூங்காக்களோடு பகிர வேண்டும். கெட்ட பெயர் வந்துவிடும் என்று பூட்டி வைக்கும் அறிக்கையால் பக்கத்துப் பூங்காவில் அதே நோய்க்கு இன்னொரு விலங்கு சாகிறது.

அடுத்த நிதிநிலைக் கூட்டத்தில் புதிய விலங்கு வாங்குவது, பார்வையாளர் பாதை போடுவது என்று பேச்சு வரும். அதற்கு முன்பாக, இருக்கும் விலங்குகளின் இரவுக் கூண்டுகளில் பயிற்சிச் சுவரும் தராசும் வைக்க எவ்வளவு ஆகும், கீப்பர்களுக்குத் தினமும் பயிற்சி நேரம் ஒதுக்க எத்தனை ஆள் கூடுதலாக வேண்டும் என்ற இரண்டு கேள்விகளை நிகழ்ச்சிநிரலில் சேருங்கள். பதில் சொல்ல எங்களில் ஒருவரையும், கீப்பர்களில் மூத்தவர் ஒருவரையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். கணக்கோடு வருகிறோம்.

இப்படிக்கு,
காட்டுயிர் மருத்துவப் பணியில் இருக்கும் ஒரு கால்நடை மருத்துவர்