கோயில் கத்தியைப் ‘போலி’ என்று எழுதிய அறிக்கை: புகார்

சுங்கை சிப்புட், பேராக்

பெறுநர்: நிர்வாகி, பழம்பொருள் மதிப்பீட்டுப் பிரிவு, கோலாலம்பூர்

பொருள்: தவறான அறிக்கையும், கேட்காமல் தேய்த்த கத்தியும்

ஐயா,

சென்ற மாதம் 380 ரிங்கிட் கட்டி, எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயில் கத்தியை உங்களிடம் கொடுத்தேன். அது என்ன, எந்தக் காலத்தது என்று எழுதித் தரச் சொன்னேன், அவ்வளவுதான். ஒரு பக்க அறிக்கை வந்தது: “1907இல் செய்ததாக முத்திரை குத்திய பாராங். பிடி பொருந்தவில்லை. போலி.”

அது பாராங் என்னும் மலாய் வெட்டுக்கத்தியே இல்லை. பிரிட்டிஷ் சிப்பாய் துப்பாக்கி முனையில் மாட்டிய பயனெட். அலகு 43 சென்டிமீட்டர், நடுவில் நீளப் பள்ளம். 1907 என்பது அந்த மாதிரியின் ஆண்டு. செய்த தேதி அதற்குக் கீழே ‘5 17’ என்று இருந்தது, அதாவது 1917 மே. மறுபக்கத்தில் அரசு உடைமை என்பதற்கான அம்புக்குறியும், அலகை வளைத்துச் சோதித்ததற்கான பெருக்கல் குறியும் இருந்தன.

பிடி பொருந்தாமல் இருப்பதற்குக் காரணம் எங்கள் தாத்தா. ஜப்பான்காரன் போன பிறகு ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் அதைக் கண்டெடுத்தார். கட்டை உளுத்துப் போயிருந்ததாம். துப்பாக்கிக் குழாய் நுழையும் வளையத்தை ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவினார். கொய்யாக் கட்டை இரண்டு துண்டு வைத்து, பழைய திருகு ஓட்டைகளிலேயே செப்புக் கம்பி செருகி, இருபுறமும் தட்டிப் பரப்பினார். ஆடி மாதப் பூசையில் அதன் முனையில்தான் எலுமிச்சம்பழம் குத்துவோம். ஒன்றை வேறொன்றாகக் காட்டி விற்கச் செய்தால் அது போலி. யாருக்கும் விற்காத சாமி கத்தியை அப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சரி, எழுத்துப் பிழையைத் திருத்திவிடலாம். ஆனால் கேட்காமலே கத்தியை இயந்திரத்தில் போட்டுப் பளபளப்பாக்கி அனுப்பியிருக்கிறீர்கள். பெருக்கல் குறி போயே போய்விட்டது. ‘17’இல் ஏழு மட்டும் மங்கலாகத் தெரிகிறது. வளையம் அறுத்த இடத்தில் விரல் வைத்தால் தாத்தா ராவிய அரத்தின் கோடுகள் சொரசொரவென்று தட்டுப்படும். இப்போது வழுக்குகிறது. என் அம்மா அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

380 ரிங்கிட்டைத் திருப்பித் தாருங்கள். ‘போலி’ என்ற சொல்லை நீக்கி, அலகு எது, தாத்தா செய்த பிடி எது என்று பிரித்துப் புது அறிக்கை எழுதுங்கள். தேய்ப்பதற்கு முன் நீங்கள் எடுத்த படங்கள் அனைத்தும் வேண்டும். நான் கைப்பேசியில் எடுத்தவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். 14 நாளில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடுவேன்.

இப்படிக்கு,
கத்தியைக் கொண்டுவந்து கொடுத்த பேத்தி