பிளாஸ்க் கொடுத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்களின் பணி ஆர்வம் குறைந்துவிட்டது என்று நிர்வாகத்தினர் குறைபடுவதும், அதைச் சரிசெய்யப் பண்டிகைக்குப் பிளாஸ்க், ஆண்டு விழாவுக்குப் பிரியாணி என்று சலுகைகளை அடுக்குவதும் வழக்கமாகிவிட்டன. சலுகைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை; ஜூலை மழையில் கொழுந்து பறிப்பவருக்குச் சூடான தேநீரே பெரிய ஆறுதல்தான். ஆனால் மழைக்கோட்டையும் கம்பளியையும்கூடச் சலுகைக் கணக்கில் எழுதுவது முறையன்று; அவற்றுக்கு 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இடமிருந்தது.

நான் பணியாற்றிய தொழிற்சாலையில், தூள் கருகப்போவதை வாசனையிலேயே அறியும் டிரையர் (தேயிலையை உலர்த்தும் இயந்திரம்) தொழிலாளி ஒருவர், சூட்டைக் குறைப்பதற்குக்கூட மேலாளரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் கெட்டுப்போன தூளுக்கான பழியும் அவர் தலையிலேயே விழுந்தது. அவ்வாண்டு தீபாவளிக்கு அவருக்கும் ஸ்வெட்டர் கிடைத்தது (நல்ல ஸ்வெட்டர்தான், குறை சொல்வதற்கில்லை); பொங்கலுக்குள் அவர் திருப்பூருக்கு வேலை தேடிப் போய்விட்டார்.

நூறு பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களில் இரு தரப்பும் சேர்ந்து அமரும் பணிக்குழுவுக்கு 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமே வழி செய்திருந்தது. அத்தகைய குழுக்கள் கேன்டீன் சாம்பாரைப் பற்றி மட்டும் பேசிக் கலையாமல், பசுந்தேயிலை எடையில் ஈரத்துக்காகக் கழிப்பது எவ்வளவு, எந்தப் பகுதிச் செடிகளை முதலில் கவாத்து செய்வது (கிளைகளை வெட்டிவிடுவது) என்பவற்றையும் தொழிலாளர்களுடன் கலந்து முடிவு செய்ய வேண்டும் என்று தோட்ட நிர்வாகங்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலைப் பணியாளர்,
கோத்தகிரி.