7 மில்லி வெட்சூட்டுக்கு எத்தனை கிலோ ஈயம்?

அன்பு மகளுக்கு,

ஸ்கூபா டைவிங்குக்கு 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) வாங்கிவிட்டாய் என்றதும் அம்மாவுக்குத்தான் பெரிய நிம்மதி. அந்தக் குளிர்ந்த கடலில் பழைய 3 மில்லி சூட்டோடு நடுங்கிக்கொண்டே இறங்குவாயோ என்று பயந்துகொண்டிருந்தாள். ஆனால், "பழைய பெல்ட்டில் இன்னும் ஆறேழு கிலோ ஈயம் சேர்த்துக்கொள் என்று படகில் சொன்னார்கள்" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. உன்னையும் அந்தச் சூட்டையும் தண்ணீரில் பார்க்காமல் யாரும் கிலோக் கணக்குச் சொல்ல முடியாது. ஆளைச் சீக்கிரம் கீழே இறக்கிவிட்டால் போதும் என்பது படகுக்காரர்களின் அவசரம்.

சூட்டின் நியோபிரீன் ரப்பருக்குள் இருப்பவை நுண்ணிய வாயுக் குமிழிகள். குளிரைத் தடுப்பதும் அவைதான், உன்னை மேலே தள்ளுவதும் அவைதான். தடிமன் கூடினால் மிதப்பும் கூடும், அதை ஈடுகட்டத்தான் இடுப்பில் ஈயம். ஆனால் அந்த மிதப்பு நிலையாக இருக்காது. 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. குமிழிகள் நசுங்கிச் சூட் மெலிந்துவிடும். 3 மில்லியில் இது உனக்குப் பெரிதாகத் தெரிந்திருக்காது, இழப்பதற்கு அதில் மிதப்பே குறைவு. 7 மில்லியில் அப்படியில்லை. மேலே சரியாக இருந்த ஈயம் கீழே போனதும் கல்லாக இழுக்கும். பிசிடியில், அதாவது காற்றடைக்கும் மிதப்பு ஜாக்கெட்டில், காற்று நிரப்பிச் சரிக்கட்டுவாய். திரும்பி ஏறும்போது அந்தக் காற்றும் விரியும், சூட்டும் உப்பும். இரண்டும் சேர்ந்து தூக்கும்போது காற்றை வெளியேற்றத் தாமதித்தால் அப்புறம் நிறுத்துவது கஷ்டம். தேவைக்கு மேல் ஈயம் கட்டியிருந்தால் ஜாக்கெட்டில் காற்று இன்னும் அதிகம், ஆபத்தும் அதிகம்.

சிலிண்டரையும் மறக்காதே. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் உள்ளே இருக்கும் காற்று மட்டும் சுமார் இரண்டரை கிலோ. மூச்சு விட விட அந்த எடை போய்விடும். நீ எடுக்கும் அலுமினிய சிலிண்டர், நிறைந்திருக்கும்போது மூழ்கும், காலியானால் மிதக்கும். ஆகவே ஈயத்தை இறங்குவதற்காகக் கட்டாதே. கடைசியில் 50 பார் மிச்சத்தோடு, பிசிடி ஏறக்குறைய காலியாக, மேலே வருமுன் பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே போதும்.

டைவ் முடிந்து மேலே வந்ததும், அலை இல்லாத இடத்தில் சோதித்துப் பார். மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் வாயில் இருக்கட்டும். பிசிடியை முழுக்கக் காலி செய்து, செங்குத்தாக நின்று, வழக்கமான அளவு மூச்சை இழுத்துப் பிடி. தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். சட்டென்று அமிழ்ந்தால் ஒரு கிலோ கழற்றிவிட்டு மறுபடி பார். கணுக்கால்களைப் பின்னிக்கொள். இல்லாவிட்டால் நமக்கே தெரியாமல் காலில் மாட்டிய துடுப்பு ஆடிக்கொண்டே இருக்கும், "இன்னும் மிதக்கிறேனே" என்று ஈயத்தைக் கூட்டிவிடுவோம். புதுச் சூட் என்பதால் இறங்கியதும் கழுத்துப் பக்கம் இழுத்துத் தண்ணீர் விட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்று. நிறைந்த சிலிண்டரோடு சோதித்தால் கிடைக்கும் எண்ணோடு இரண்டு கிலோ சேர்த்துக்கொள்.

நீச்சல் குளத்தில் பார்த்த எண்ணை அப்படியே கடலுக்கு எடுத்துப் போகாதே. உப்புத் தண்ணீர் சுமார் இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. ஆளும் சாமானுமாக 100 கிலோ என்றால் இரண்டரை கிலோ ஈயம் கூடுதலாக வேண்டியிருக்கும்.

மொத்தத்தையும் இடுப்பிலேயே கட்டினால் கால் தொங்கும், முதுகும் வலிக்கும். கொஞ்சத்தை சிலிண்டர் பட்டைக்கு மாற்று. ஆனால் அவசரத்தில் கழற்றி எறியக்கூடிய ஈயமும் உன்னிடம் இருந்தாக வேண்டும்.

சூட், சிலிண்டர், தண்ணீர், கிலோ என்று நாலையும் டைவ் புத்தகத்தில் குறித்து வை. சூட் பழசாகக் குமிழிகள் உடையும், மிதப்பு குறையும், எண்ணும் மாறும். இப்போதைக்கு எத்தனை கிலோவில் நின்றாய் என்று எனக்கு எழுது. படகில் சொன்னதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று அம்மாவிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா