கோப்பை வந்த வழியெங்கும் நின்றவர்களுக்கு நன்றி

எங்கள் லண்டன் கால்பந்து அணி கிரிஸ்டல் பேலஸ், இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றுவிட்டது. 1990-இலும் 2016-இலும் இறுதிப் போட்டி வரை போய் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்ற அணி, 2025 மே 17 அன்று மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வீழ்த்தியது. எங்கள் சொந்த மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க்கில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய தமிழ் ரசிகனாக, இந்த நன்றியைச் சொல்லியே ஆகவேண்டும்.

முதலில் 2010-க்குப் போகிறேன். கடனில் மூழ்கிய கிளப்பைக் கலைத்துவிடுவார்களோ என்றிருந்த நேரத்தில், லண்டனில் வங்கியின் வாசலில் திரண்டு குரல் கொடுத்த ரசிகர்களே, உங்களுக்குத்தான் முதல் நன்றி. நீங்களும், துணிந்து பணம் இறக்கிய ஸ்டீவ் பாரிஷும் கூட்டாளிகளும் இல்லையென்றால் இறுதிப் போட்டி நடந்த வெம்ப்ளி மைதானத்தில் ஆட அணியே இருந்திருக்காது.

அப்புறம், மருத்துவக் குழுவினருக்கு. இதே கோப்பைக்காக மில்வால் அணியுடன் ஆடிய ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எதிரணிக் கோல்கீப்பரின் கால் எங்கள் முன்கள வீரர் மட்டேட்டாவின் தலையில் பட்டது. காதில் 25 தையல். மைதானமே உறைந்துபோன அந்த நேரத்தில் பதறாமல் அவரைக் கவனித்தீர்கள். அதே மாதம் ஃபுல்ஹாமுக்கு எதிரான காலிறுதியில் தலைக்காப்போடு அவர் ஓடி வந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. அன்றைய 3-0 வெற்றியைவிட அது பெரிது.

எங்கள் கோல்கீப்பர் டீன் ஹென்டர்சன், சீசன் தொடக்கத்தில் தந்தையை இழந்த நீங்கள், இறுதிப் போட்டியில் சிட்டியின் மர்மூஷ் அடித்த பெனால்டியைத் தடுத்தீர்கள். எங்கள் முனோஸ் கொடுத்த பந்தை 16-ஆவது நிமிடத்தில் கோலாக்கினார் எங்கள் எஸே. அந்த ஒரு கோலை ஆட்டம் முடியும்வரை கட்டிக்காத்த தற்காப்பு வீரர்கள் அத்தனை பேருக்கும் நன்றி. கூடுதலாகக் கொடுத்த 10 நிமிடமும் நான் உட்காரவே இல்லை.

2016 தோல்வியைக் களத்தில் நின்று அனுபவித்தவர் ஜோயல் வார்ட். அவரையும் அழைத்துச் சேர்ந்து கோப்பையை உயர்த்திய அன்றைய கேப்டன் மார்க் கேஹிக்குத் தனி நன்றி. 13 ஆண்டுகள் உழைத்தவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது.

கடைசியாக, என் வரிசையில் உட்காரும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும். பாட்டு தெரியாமல் விழித்த காலத்தில் வரி வரியாகச் சொல்லித் தந்தீர்கள். வர முடியாமல் போன ஒருவர், ஆஸ்டன் வில்லாவுடனான அரையிறுதிக்குத் தன் டிக்கெட்டை எனக்குக் கொடுத்தார். சரி, அடுத்த பெரிய ஆட்டத்துக்கு அவர் கண்டிப்பாக வரவேண்டும். அவருடைய டிக்கெட் என் பொறுப்பு.