லோகோவைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்: குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

'நம் பகுதிக்கென்று ஒரு லோகோ' என்று போட்டி அறிவித்திருக்கிறீர்கள். ஒரு மாத அவகாசம், வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு, ஜெயித்தவருக்குப் பரிசு. உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இருபது வருடமாக வடிவமைப்பு வேலையைச் செய்து பிழைப்பவன், இங்கேயே குடியிருப்பவன் என்கிற முறையில் ஒரு வேண்டுகோள்: போட்டியைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். கடைசியில் வர வேண்டியதை நாம் முதலில் கையில் எடுத்திருக்கிறோம்.

போன வாரம் இரவு ஒன்பதரை மணிக்கு எங்கள் தெருவில் ஒரு நர்ஸ் வீடு தேடிக்கொண்டிருந்தார். பெரியவர் ஒருவருக்கு ஊசி போட வந்தவர். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, போன் டார்ச்சை ஒவ்வொரு கேட்டாக அடித்துப் பார்க்கிறார். முதல் வீட்டில் பழுப்புக் கல்லில் பித்தளை எண். டார்ச் பட்டதும் பளபளப்புதான் தெரிகிறது, எண் தெரியவில்லை. அடுத்த வீட்டில் வீட்டின் பெயர் முழ நீளத்துக்கு இருக்கிறது, எண் அதன் காலடியில் கட்டைவிரல் அளவுக்கு. மூன்றாவதில் எண் இருக்கிறது, அதன்மேல் கொடி படர்ந்திருக்கிறது. கடைசியில் போன் போட்டார். மறுமுனையில் சொன்னது இதுதான்: "பெரிய மரத்தைத் தாண்டி, வளைவு வரும் பாருங்க, அங்க நீல கேட்டு." முப்பது நொடியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெரிய மரம், வளைவு, நீல கேட். நம் பகுதியின் அடையாளம் என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதை யாரும் வரைந்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு குடியிருப்புக்கு லோகோ வரைந்து கொடுத்தேன். மூன்று கூரைகள், ஒரு மரம், கைகோத்த இரண்டு உருவங்கள். இலைகளில் ஐந்து வகைப் பச்சை ஒன்றோடொன்று குழைந்து போகும். கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டியபோது கைதட்டினார்கள். அதையே ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து ரசீதில் குத்தினால், நசுங்கிய கரப்பான்பூச்சி. நுழைவாயில் பலகையில் வெளிர் பச்சை ஒரே கோடையில் வெளுத்து, மரம் மொட்டையாக நின்றது. பின்னால் திருத்தக்கூடிய மூலக் கோப்பைக் கொடுக்காமல் ஜேபெக் படத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்தது என் சோம்பல். அடுத்து வந்த செயலாளர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அகலவாக்கில் இழுத்தார். கூரைகள் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது.

இதில் இன்னொன்றும் இருந்தது, அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அந்த லோகோவின் கீழே எந்த ஊர்க் குடியிருப்பின் பெயரைப் போட்டிருந்தாலும் பொருந்தியிருக்கும். உங்கள் போட்டிக்கு வருபவற்றையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: பெயரை விரலால் மூடுங்கள். மிச்சம் இருப்பது நம் இடம் என்று தெரிகிறதா? கூரையும் இலையும் கைகோத்த மனிதர்களும்தான் நிறைய வரும் என்று பந்தயம் கட்டத் தயார்.

அறிவிப்பில் நியூயார்க்கின் 'I ♥ NY' இதயச் சின்னத்தை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். மில்டன் கிளேசர் என்ற வடிவமைப்பாளர் 1970களில் டாக்ஸியில் போகும்போது சிவப்பு கிரேயானால் ஒரு உறைத் துண்டில் கிறுக்கியது அது. அழகான வேலை. ஆனால் சுற்றுலாப் பயணிகளை 'வாருங்கள்' என்று அழைக்கச் செய்தது. நாம் யாரை அழைக்கப் போகிறோம்? ஆம்ஸ்டர்டாமும் 2004இல் இப்படி 'I amsterdam' ('நான் ஆம்ஸ்டர்டாம்') என்ற வாசகத்தோடு கிளம்பியது. பின்னர் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தின் பின்புறம் ஆளுயரத்துக்கு மேல் நின்ற அந்த வாசகத்தின் எழுத்துகளைச் சுற்றி செல்ஃபிக் கூட்டம் நிரம்பி வழிந்தது. 'நான்' என்று தொடங்கும் அந்த வாசகம் தனிமனிதனையே தூக்கிப் பிடிக்கிறது என்ற விமரிசனமும் எழ, 2018 டிசம்பரில் நகராட்சியே அவற்றை அங்கிருந்து எடுத்துவிட்டது. வருகிறவர்களுக்காகச் செய்த அடையாளம், இருக்கிறவர்களுக்கு உறுத்தலாகப் போன கதை.

எனக்குப் பிடித்தது போர்ச்சுகலின் போர்ட்டோ நகரம் 2014இல் செய்தது. ஒற்றைச் சின்னத்தை நம்பாமல், அந்த ஊர்ச் சுவர்களில் இருக்கும் நீல ஓடுகளின் சாயலில் எழுபதுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னச் சித்திரங்களை வரைந்தார்கள். பாலம், கோபுரம், ஆறு என்று ஒவ்வொன்றும் தனியாகவும் நிற்கும், பக்கத்தில் வைத்தால் கோடுகள் இணைந்து ஒரே விரிப்பாகவும் ஆகும். நமக்கு எழுபது வேண்டியதில்லை. மரம், வளைவு, தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு, ஆறேழு போதும். ஆனால் அவை செயற்குழு அறையில் யோசித்தவையாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: 'உங்கள் வீட்டுக்கு வழி எப்படிச் சொல்வீர்கள்?' எந்தப் பெயர் அடிக்கடி வருகிறதோ அதை வரைவோம்.

இங்கே ஒரு வருத்தம். வாக்கு வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டும் என்று போட்டிருக்கிறீர்கள். தினமும் இரண்டு தரம் இந்தத் தெருக்களில் நடக்கும் வாடகைதாரருக்கு வாக்கில்லை. வெளியூரில் இருந்துகொண்டு வீட்டைப் பூட்டி வைத்திருப்பவருக்கு உண்டு. காவலாளியிடமும் குப்பை எடுக்க வருபவரிடமும் யாரும் கேட்கவில்லை. நம் தெருக்களை அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

சித்திரங்களுக்கும் முன்னால் எழுத்து. பிரிட்டனின் சாலைப் பலகைகளை வடிவமைத்த ஜாக் கின்னீரும் மார்கரெட் கால்வெர்ட்டும் தங்கள் பலகைகளை நிலத்தடி கார் நிறுத்தத்திலும், ஹைட் பூங்கா மரங்களில் சாய்த்து வைத்தும், எவ்வளவு தூரத்தில் இருந்து படிக்க முடிகிறது என்று பார்த்திருக்கிறார்கள். 1950களின் கடைசியில் தொடங்கிய வேலை அது. அந்த எழுத்துரு இன்றும் அங்கே சாலைகளில் இருக்கிறது. நாமும் கணினித் திரையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

தமிழ் எழுத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். தடித்த எழுத்துருவில் ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். நாலடி தள்ளிப் போனால் அது னகரமா ணகரமா என்று தெரியாது. துணைக்காலும் ரகரமும் பல எழுத்துருக்களில் இரட்டைப் பிள்ளைகள். புள்ளி சிறுத்துவிட்டால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகி, தெருவின் பெயரே மாறிவிடும். அலங்கார எழுத்துருவை அழைப்பிதழுக்கு வைத்துக்கொள்வோம். தெருவுக்குச் சுழி அகலமான, புள்ளி கனமான எழுத்துரு போதும்.

அளவுக்குப் பலகை எழுதுபவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: மூன்று மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் உயரம். பத்து மீட்டர் தள்ளி ஸ்கூட்டரில் வருபவருக்கு வீட்டு எண் தெரிய வேண்டுமானால் எண்பது மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். அந்தப் பித்தளை எண்ணை அளந்தேன். நாற்பதுதான்.

நிறத்தைப் பற்றி நீண்ட விவாதம் நடக்கும் என்று தெரியும், நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்புலமும் எழுத்தும் எட்டி நிற்க வேண்டும். இணையப் பக்கங்களின் சிறிய எழுத்துக்கே பின்புலத்தோடு குறைந்தது 4.5:1 வெளிச்ச மாறுபாடு கேட்கிறார்கள். சிவப்பு பிளாக், பச்சை பிளாக் என்று நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்க வேண்டாம். அந்த இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் கண்கள் கணிசமாக உண்டு, ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் என்கிறார்கள். நிறத்தோடு ஒரு எழுத்தோ வடிவமோ சேரட்டும். எல்லா வீட்டுச் சுவரையும் கேட்டையும் ஒரே நிறமாக அடிக்கலாம் என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். அப்புறம் நீல கேட்டை எங்கே போய்த் தேடுவது?

இவை முடிந்த பிறகு லோகோ தானே வந்து நிற்கும். அந்த ஆறேழில் ஒன்று, ஒரே நிறத்தில், கட்டைவிரல் நக அளவில் ஸ்டாம்பாகக் குத்தினாலும் அடையாளம் தெரிவது. அதன் மூலக் கோப்பு, எழுத்துருவின் உரிமம், எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு பக்கக் குறிப்பு, மூன்றும் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். செயலாளர் மாறினால் கோப்பும் காணாமல் போகிற கதை போதும்.

வரும் ஞாயிறு இரவு ஏழு மணிக்கு நுழைவாயில் அருகே நிற்கிறேன். அட்டைகளில் நான்கு எழுத்துருக்களில், மூன்று அளவுகளில் தெருப் பெயரும் எண்களும் அச்சிட்டு எடுத்து வருகிறேன். சுவரில் ஒட்டிவிட்டுப் பின்னோக்கி நடப்போம், எது எங்கே மறைகிறது என்று சாக்பீஸால் கோடு போடுவோம். கண்ணாடி போடுபவர்கள் ஒருமுறை கழற்றிவிட்டும் பாருங்கள். நர்ஸம்மாவையும் கேட்டிருக்கிறேன். எட்டு மணி ஊசிக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மூன்றாவது தெருக் கடைசி வீட்டு வாடகைதாரன்