மைக்குக்குக் கேட்காத ஹெட்ஃபோன்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய தனிக்குரல் ட்ராக்கைக் கேட்டேன். குரல் நன்றாகப் பதிவாகியிருக்கிறது, மைக்கிலிருந்து நீ நிற்கும் தூரமும் சரி. ஆனால் நீ மூச்சு வாங்கும் இடங்களில் ஒலியைக் கூட்டிப் பார்த்தால் தாளம் பிசகாமல் இருக்க நீ காதில் ஓடவிடும் கிளிக் ட்ராக்கின் 'டிக் டிக்' கேட்கிறது. கடைசி வரி தேய்ந்து முடியும் இடத்தில், கூட்டாமலே கேட்கிறது. மைக்கில் கோளாறு எதுவும் இல்லை. நீ போட்டிருக்கும் ஓப்பன் பேக் ஹெட்ஃபோனிலிருந்து கசிகிறது, அவ்வளவுதான். பதிவுக்கும் ஆகவேண்டும், ராத்திரி பாட்டுக் கேட்கவும் ஆகவேண்டும், அப்படி ஒரு க்ளோஸ்ட் பேக் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். ஒலிப்பதிவு அறையிலேயே வேலை பார்த்த எனக்கு இதைப் போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க மனசு வரவில்லை. பொறுமையாகப் படி.

உன்னிடம் இருப்பதில், ஒலி எழுப்பும் டிரைவருக்குப் பின்னால் கிண்ணம் திறந்திருக்கிறது. உள்ளே சவ்வு அசையும்போது உன் காதுப் பக்கம் போகிற மாதிரியே பின்பக்கமாகவும் ஒலி தாராளமாக வெளியே போகும். கேட்பதற்கு விசாலமாக இருப்பதும் அதனால்தான், முகத்துக்கு நேரே நிற்கும், சின்னச் சத்தத்தையும் விடாத கண்டென்சர் மைக் அதைப் பிடித்துவிடுவதும் அதனால்தான். க்ளோஸ்ட் பேக்கில் அந்தக் கிண்ணத்தை மூடியிருப்பார்கள். ஆனால் கம்பெனி மூடித் தருவது பின்பக்கத்தை மட்டும். முன்பக்கத்தை மூடவேண்டியது உன் தலை. காதைச் சுற்றிக் கிண்ணத்தின் மெத்தை, அதாவது பேட், இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால்தான் மூடிய ஹெட்ஃபோன் உண்மையில் மூடியிருக்கும். ஒருத்தருக்கு அருமையாக அமைந்தது இன்னொருத்தருக்கு அமையாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். நான் சொல்லப்போகிற விஷயங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வரும்.

உனக்குக் கண்ணாடி இருக்கிறது. காதுக்கு மேலே போகும் அந்தச் சட்டம் பேடைச் சற்றே தூக்கும், அங்கே ஒரு சந்து விழும். மைக்குக்குக் கசிவு போவது அந்தச் சந்து வழியாகத்தான். அதைவிடப் பெரிய சேதம் பேஸில் நடக்கும். தாழ்ந்த ஒலிக்குக் கிண்ணத்துக்கும் காதுக்கும் நடுவே அடைபட்ட காற்றின் அழுத்தம் வேண்டும். சந்து இருந்தால் அழுத்தம் நிற்காது; மேல் ஒலிகள் எல்லாம் அப்படியே கேட்கும், அடி ஒலி மட்டும் மெலிந்துவிடும். நீயோ ஹெட்ஃபோனில் பேஸ் குறைவாக இருக்கிறது என்று, குரலையும் இசையையும் கலக்கும் மிக்ஸில் ஏற்றுவாய். ஸ்பீக்கரில் போட்டால் பாட்டு முழுக்க 'பொம்' என்று இருக்கும். அதனால் வாங்குவதற்கு முன் 50 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு நீண்ட தொனியை மெதுவாக ஓடவிட்டு, கண்ணாடியோடு ஹெட்ஃபோனைப் போட்டு, இரண்டு கிண்ணத்தையும் உள்ளங்கையால் லேசாக அழுத்திப் பார். அழுத்தியதும் அடி ஒலி குபுக்கென்று கூடினால், உன் தலையில் அது சரியாக அடையவில்லை. எவ்வளவு பேர் புகழ்ந்திருந்தாலும் அதை விட்டுவிடு. கூந்தலைப் பேடுக்கு அடியில் சிக்கவிடாதே. தோட்டைப் பதிவு முடியும்வரை கழற்றி வை. அதுவும் சந்து விடும், தலையசைத்தால் மைக்கில் கிணுகிணுப்பும் ஏறும்.

இன்னொரு சோதனை இருக்கிறது, அதையும் செய். ஹெட்ஃபோனைத் தலையில் போட்டுக்கொண்டு (மேசையில் வைத்துச் செய்தால் அர்த்தமில்லை), மைக் முன்னால் வழக்கமான தூரத்தில் நின்று, பாடும்போது வைக்கிற அதே ஒலியளவில் கிளிக்கை ஓடவிட்டு, வாயைத் திறக்காமல் ஒரு நிமிஷம் பதிவு செய். பிறகு அந்த மௌனத்தைக் கூட்டிக் கேள். கசிவு முழுக்க இல்லாமல் போகாது. பாட்டோடு சேர்த்துக் கேட்டால் தெரியாத அளவுக்கு அடங்கினால் போதும். கூர்மையான 'டிக்'குக்குப் பதிலாக மொத்தையான தாளச் சத்தம் வைத்தால் கசிவு இன்னும் உறுத்தாது. கடைசி சுரம் தேயும் இடத்தில் கிளிக்கை முன்கூட்டியே நிறுத்திவைக்கவும் பழகு.

இப்போது மாடல்கள். நிறைய இருக்கின்றன, எல்லாவற்றையும் நான் சொல்லப்போவதில்லை. நான் நம்புகிறவை மூன்று.

சோனி எம்டிஆர்-7506, 1991 முதல் விற்பனையில் இருக்கிறது. மின்தடை 63 ஓம் (ஓம் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்), எடை சுமார் 230 கிராம். குரல் வேலைக்கு இதைப் பலரும் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: மேல் ஒலிகளைச் சற்றுத் தூக்கிக் காட்டும், அதனால் உதட்டுச் சத்தம், எச்சில் சத்தம், பின்னணி இரைச்சல், தவறான வெட்டு எல்லாம் தப்பாது. நீ புத்தகம் வாசித்துப் பதிவு செய்யும் வேலைக்கு இது கைகொடுக்கும். ஆனால் ராத்திரி ஒரு மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்டால் காது களைத்துவிடும். பேட் மெல்லியது, காது உள்ளே இடிக்கும். சுருள் கேபிள் கழற்ற வராது.

ஆடியோ டெக்னிகா ஏடிஹெச்-எம்50எக்ஸ் 38 ஓம். கேபிளைக் கழற்றி மாற்றலாம், பெட்டிக்குள்ளேயே மூன்று கேபிள் வரும். பேஸ் தாராளமாக இருக்கும். பாட்டுக் கேட்க உற்சாகமாக இருக்கும், ஆனால் பிடி கொஞ்சம் இறுக்கம், தோல் மாதிரியான பேடில் காது சூடாகும். நீண்ட நேரம் பாடுகிற உனக்கு இந்தச் சூடு தொல்லை தரும் என்று தோன்றுகிறது.

பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ மூன்றாவது. பெரும்பாலான வகைகளில் பேட் வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும், காது முழுதும் உள்ளே அடங்கும். கண்ணாடி போட்டவர்களுக்கு இந்த மெத்தை இடம் கொடுக்கும். சட்டத்தை எலும்பில் வைத்து அழுத்தாது. 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையில் வருகிறது. கேபிள் கழற்ற முடியாது என்பது இதன் குறை. நாற்காலிச் சக்கரம் ஏறினால் பழுது பார்க்கக் கொடுக்க வேண்டியதுதான். பேஸும் உச்ச ஒலியும் இரண்டு ஓரத்திலும் உயர்ந்திருக்கும், நடுவில் குரல் சற்றுப் பின்னால் நிற்கும். பாட்டுக் கேட்க இது சுகம். ஆனால் இதைப் போட்டுக்கொண்டு உன் குரலில் 'ஸ', 'ச' குத்துகிறது என்று குறைக்க ஆரம்பித்தால் எச்சரிக்கையாக இரு. குத்துவது பாதி ஹெட்ஃபோன்தான். அதை நம்பி வெட்டினால் பதிவு மந்தமாகிவிடும்.

ஓம் கணக்கைப் பார்த்துக் குழம்பியிருந்தாய். நேராகச் சொல்கிறேன். மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் உன் ஆடியோ இன்டர்ஃபேஸின் ஹெட்ஃபோன் துளையில் 1 வோல்ட் வருகிறது என்று வை. 32 ஓம் ஹெட்ஃபோன் அதிலிருந்து சுமார் 31 மில்லிவாட் எடுத்துக்கொள்ளும், 80 ஓம் 12.5 மில்லிவாட், 250 ஓம் வெறும் 4 மில்லிவாட். ஒரே மாடலாக இருந்தாலும், ஒலியளவுத் திருகு அதே இடத்தில் இருக்க, 250 ஓம் வகை 32 ஓம் வகையைவிட 9 டெசிபல் அளவுக்குக் குறைவாகக் கேட்கும். ஓம் அதிகமானால் தரமும் அதிகம் என்று சொல்வதைக் கேட்காதே. உன்னிடம் தனி ஆம்ப்ளிஃபையர் இல்லை, போனிலும் செருகிக் கேட்கப்போகிறாய். 80 ஓமுக்கு மேல் போகாதே. போனில்தான் அதிகம் கேட்பாய் என்றால் 32 போதும்.

ப்ளூடூத்தைப் பதிவு நேரத்தில் நினைத்தே பார்க்காதே. ஒலி உன் காதுக்கு வர பல சமயம் 100 மில்லி விநாடிக்கும் மேல் ஆகும், தாளத்தோடு பாடவே முடியாது. கேபிளில் போனாலும் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டரிங்கைப் போட்டுக்கொள், மைக்கின் ஒலி நேராக உன் காதுக்கு வரும்; கம்ப்யூட்டர் வழியாகப் போய்த் திரும்பி வரும் தாமதம் இருக்காது. இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் வகையும் வேண்டாம். அது ஒலியின் இயல்பையே மாற்றிவிடும்.

அப்புறம் ஒன்று. மூடிய ஹெட்ஃபோனுக்கு மாறியதும் உன் குரலே உனக்கு வேறு மாதிரி கேட்கும். காதை அடைத்துவிட்டதால் எலும்பு வழியாக வரும் குரல் உள்ளேயே தங்கி 'ம்ம்' என்று கனக்கும். முதல் நாள் இது பலரைத் தடுமாற வைக்கும், சுருதி நழுவும். உன் குரலை ஹெட்ஃபோனில் கொஞ்சம் கூட்டி, பின்னணி இசையைக் கொஞ்சம் இறக்கிப் பார். இன்னும் சரிப்படவில்லை என்றால் ஒரு காதிலிருந்து கிண்ணத்தைப் பாதி நகர்த்திக்கொள். பாடகர்கள் அப்படி ஒற்றைக் காதில் கேட்டபடி நிற்பதை நீயே பார்த்திருப்பாய். அப்படிச் செய்தால் நகர்த்திய பக்கத்தின் ஒலியை முழுக்க மற்றக் காதுக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் திறந்த கிண்ணம் நேராக மைக்குக்குள் பாடும்.

பழைய ஓப்பன் பேக்கைக் கொடுத்துவிடாதே. மிக்ஸ் செய்யும்போது மைக் இல்லை, கசிந்தால் கவலையும் இல்லை. ஒலி கிண்ணத்துக்குள் முட்டித் திரும்பாததால் பல விஷயங்கள் அதில்தான் தெளிவாகத் தெரியும். மூடியதில் பதிவு செய், திறந்ததில் மிக்ஸ் செய், கடைசியில் ஸ்பீக்கரில் ஒருமுறை மோனோவாக, இடது வலது இரண்டையும் ஒன்றாக்கி, போட்டுப் பார்.

கடையில் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்து கேள். சத்தம் குறைந்தால் பேஸ் மற்றதைவிட வேகமாகக் காதிலிருந்து மறையும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். அதனால் கொஞ்சம் சத்தமாகக் கேட்கிற ஹெட்ஃபோன் எப்போதும் நல்லதாகத் தோன்றும். உனக்கு மனப்பாடமான ஒரு பதிவை, முடிந்தால் உன் குரலையே, எடுத்துக்கொண்டு போ. கண்ணாடியைக் கழற்றாமல் அரை மணி நேரமாவது போட்டிரு. உச்சந்தலை வலிக்கிறதா, காது மடல் டிரைவர் துணியில் முட்டுகிறதா என்பது ஐந்து நிமிஷத்தில் தெரியாது. பேர்போன மாடல்களுக்குப் போலிகளும் உண்டு. கம்பெனி அங்கீகரித்த கடையிலேயே வாங்கு.

இனி எனக்கு மிகவும் கவலையான விஷயம். இந்த ஹெட்ஃபோன்கள் சின்ன மின்சக்தியிலேயே பெரிய ஒலி எழுப்பும். டிடி 770 ப்ரோவுக்கு 1 மில்லிவாட்டில் 96 டெசிபல் என்று கணக்கு. 10 மில்லிவாட் கொடுத்தால் 106. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10, 89இல் வெறும் 5. நீ பதிவு, எடிட்டிங், ராத்திரிப் பாட்டு என்று எல்லாவற்றையும் ஒரே காதுகளால்தான் கேட்கிறாய். உள்காதின் மயிரணுக்கள் போனால் மீண்டும் முளைப்பதில்லை, கண்ணு. நல்ல அடைப்பு இருந்தால் வெளிச்சத்தம் குறையும், நீயும் மெதுவாக வைத்துக் கேட்கலாம். இந்த வகையை நான் விரும்புவதற்கு அதுவே பெரிய காரணம். ஆனால் விசிறி, ஏசி மாதிரியான தாழ்ந்த இரைச்சலை இந்த மெத்தைகள் அவ்வளவாகத் தடுக்காது. அதை வெல்ல வேண்டும் என்று திருகை ஏற்றாதே. விசிறியை நிறுத்து. மைக்குக்கும் நல்லது. ஒவ்வொரு முறையும் திருகைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு ஹெட்ஃபோனைப் போடு, பிறகு ஏற்று. காது இரைந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடு, எவ்வளவு அவசரமாக இருந்தாலும்.

என்னைக் கேட்டால் உனக்கு டிடி 770 ப்ரோ, 80 ஓம். கண்ணாடியோடு அடி ஒலிச் சோதனையில் அது தேறினால் வேறு எதையும் பார்க்காதே. தேறவில்லை என்றால் சோனியை எடு. பாட்டுக் கேட்கும் சுகம் கொஞ்சம் குறையும், பதிவு கெடாது. எதுவானாலும் பேட் சில வருஷத்தில் தளர்ந்துவிடும், தோல் மாதிரி இருப்பது உரியவும் ஆரம்பிக்கும், அடைப்பு போய்விடும். அப்போது அதே கம்பெனியின் அசல் பேடாகவே மாற்று. வேறு பேட் போட்டால் ஒலியே மாறிவிடும்.

சனி, ஞாயிறில் கடைக்குப் போவதாகச் சொன்னாய். எதில் அடி ஒலி நின்றது, எதில் போனது என்று அங்கிருந்தே எனக்கு ஒரு வரி அனுப்பு. பணம் கொடுப்பதற்கு முன் அனுப்பு.

அன்புடன்,
அம்மா